நடுநாட்டு விளக்குகள்

96 ஆடுகள் கூடி ஒரு விளக்கை எரித்த காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. தென்பெண்ணைக்குத் தெற்கே, கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கோமுகியும் மணிமுத்தாறும் பாயும் நடுநாட்டுப் பகுதியில் சோழர் காலத்துச் சிவாலயங்களின் சுவர்களைப் படித்துக்கொண்டு போகிறவர்கள், போர்ச் செய்திகளையும் அரசர் மெய்க்கீர்த்திகளையும் எதிர்பார்த்துச் சென்றாலும், அவற்றைவிட மிகுதியாகக் காண்பது ஒரே தன்மையான ஒரு சிறு செய்தியைத்தான்: இன்ன ஊரினராகிய இன்னார், இன்ன ஆட்சியாண்டில், இக்கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிப்பதற்கு இத்தனை ஆடுகள் கொடுத்தார், இது சந்திராதித்தர் உள்ளளவும் நடைபெறுவதாகுக. பெயர்கள் மாறுகின்றன, ஆட்சியாண்டு மாறுகிறது, விளக்கும் ஆடும் மாறுவதில்லை. படிப்பவருக்கு முதலில் சலிப்புத் தட்டினாலும், பொறுமையுடன் பத்துச் சாசனங்களைத் தாண்டியபின், ஒரு சிறு சுடர் இரவும் பகலும் அவியாமல் நிற்பதற்காக அக்காலத்துச் சமூகம் எத்துணைப் பெரிய ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தது என்னும் வியப்பு அந்தச் சலிப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஏற்பாடு இதுதான். கொடையாளி கோயிலுக்கு ஆடுகளை வழங்குவார். கோயிலார் அவற்றை இடையர் ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். மந்தையின் பாலையும் பெருக்கத்தையும் அனுபவிக்கும் உரிமைக்கு ஈடாக அந்த இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலில் அளந்துவர வேண்டும். கிழட்டு ஆடு கழிந்தால் குட்டி அதன் இடத்தை நிரப்பும் ஆதலால், கணக்கில் மந்தைக்கு மூப்பும் இல்லை, சாவும் இல்லை; 'சாவா மூவாப் பேராடு' என்றே சாசனங்கள் அதனைக் குறித்தன. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் வகுக்கப்பட்ட விகிதம் இதனை இன்னும் தெளிவாக்குகிறது: ஒரு விளக்குக்கு ஆடாயின் 96, பசுவாயின் 48, எருமையாயின் 16. நெய்யை அளப்பதற்கோ, ஆடவல்லான் என்று இறைவன் பெயரையே சூட்டியிருந்த அளவை. நாழியில் கால் பங்கு உழக்கு; எனவே ஒரே ஒரு விளக்கு ஆண்டொன்றுக்கு 91 நாழிக்கு மேற்பட்ட நெய்யை உண்டது. அக்காலத்தில் ஒளி என்பது சாமானியர் கைக்கு எளிதில் எட்டாத வஸ்து என்பதற்கு இதனினும் சிறந்த சாட்சியம் வேண்டுவதில்லை.

இந்தக் கொடைகள் அரசர்களோடு நின்றுவிடவில்லை. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள திருநாவலூர், சுந்தரமூர்த்தி நாயனாரின் பிறந்த ஊர். முதற் பராந்தகனின் மகனாகிய இராசாதித்தன், வடக்கிலிருந்து வரக்கூடிய இராட்டிரகூடர் படையை எதிர்நோக்கி அவ்வூர் அடங்கிய திருமுனைப்பாடி நாட்டில் தங்கியிருந்தபோது, அவனுடைய பரிவாரத்தைச் சேர்ந்தவர்கள் அவ்வூர்க் கோயிலில் விளக்குகள் வைத்தார்கள். அவர்களுள் மலைநாட்டிலிருந்து, அதாவது இன்றைய கேரளத்திலிருந்து, வந்த வீரர்களும் இருந்தார்கள். இராசாதித்தன் 949-இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே உயிர்நீத்தான்; அந்தப் படைவீரருள் ஊர் திரும்பியவர் எத்தனை பேர் என்பதைக் கல் சொல்லவில்லை; அவர்கள் வைத்த விளக்கை மட்டும் சொல்லுகிறது. போருக்குப் போகுமுன் ஒருவன் தன்னுடைய பெயரால் ஒரு சுடர் நிற்கட்டும் என்று எண்ணியது இயல்பே.

இன்னொரு வகையும் உண்டு. வேட்டைக்குச் சென்றவன் விலங்கென்று கருதி எய்த அம்பு மனிதன் மேல் பட்டு அவன் மாண்டுபோனால், ஊராரும் நாட்டாரும் கூடி விசாரித்து, கருதிச் செய்த கொலையன்று என்று துணிந்தபின், எய்தவனைத் தண்டித்து அழிக்காமல், மாண்டவனுக்காகக் கோயிலில் விளக்கு எரிக்கும்படி தீர்ப்பளித்த சோழர் காலத்துச் சாசனங்கள் பல கிடைத்திருக்கின்றன. அவிந்த உயிருக்கு ஈடாக அவியாத சுடர் என்னும் அந்தத் தீர்ப்பின் நியாயத்தை இன்றைய சட்ட நூல்களில் காண இயலாது. ஆயினும், ஒரு குடும்பத்தின் பகை தலைமுறை தலைமுறையாகத் தொடராமல் தடுப்பதற்கு, பலர் காண நாள்தோறும் எரியும் ஒரு விளக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதை நாட்டுப்புறத்து வழக்குகளை அறிந்தவர்கள் உணர்வார்கள்.

சாசனங்கள் ஆட்டை எண்ணின, நெய்யை அளந்தன, விளக்கு எந்த வடிவத்தில் இருந்தது என்பதைச் சொல்லவேண்டிய அவசியம் பெரும்பாலும் அவற்றுக்கு நேரவில்லை. வடிவத்தை அறிய அவற்றுக்கும் முற்பட்ட பத்துப்பாட்டுக்குப் போகவேண்டும். நெடுநல்வாடையில் வரும் பாண்டிமாதேவியின் அரண்மனை விளக்கு, யவனர் செய்த ஒரு பெண்ணுருவம். அந்தப் பாவை தன் கையில் அகலை ஏந்தி நிற்கிறது. பெரும்பாணாற்றுப்படை யவனர்களின் அன்ன விளக்கு ஒன்றை உவமையாக எடுத்தாளுகிறது. முல்லைப்பாட்டின் பாசறையிலோ, இடையில் குறுவாள் கட்டிய பெண்கள் நெய் வார்க்கும் குழாயைக் கையிற்கொண்டு விளக்குகளை அவியாமல் காத்து இரவெல்லாம் உலவுகிறார்கள். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் நடந்த அகழாய்வு, மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளும் மெருகிட்ட இத்தாலியக் கலங்களும் இக்கரையில் வந்திறங்கியதை மெய்ப்பித்தது. கடல் கடந்து வந்த சிற்ப வடிவான விளக்கைத் தன் வீட்டில் வைத்துப் பெருமை கொள்வது இந்தத் தலைமுறையில் தோன்றிய மோகம் என்று நினைப்பவர்கள், அந்தப் பழக்கத்துக்கு இங்கே குறைந்தது பதினெட்டு நூற்றாண்டு வயதாகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. வந்த பொருள் வந்தபடியே நின்றுவிடவுமில்லை. யவனருடைய பாவை நம்முடைய பாவை விளக்காக நிலைபெற்றது. அன்னமும் குத்துவிளக்கின் உச்சியில் இன்றுவரை அமர்ந்திருக்கிறது. அந்த அன்னமே இந்த அன்னத்துக்கு மூதாதை என்று அறுதியிட்டுச் சொல்ல ஆதாரம் போதாவிடினும், இரண்டையும் அடுத்தடுத்து நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விளக்கின் வரலாற்றில் நடுநாட்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது திருக்கோவலூரில் நிகழ்ந்தது. மலையமான் திருமுடிக்காரி ஆண்ட ஊர் அது. அந்தக் குலத்தில் பிறந்த வானவன் மாதேவியே முதலாம் இராசராசனின் தாய். அவ்வூரில் மழை பெய்த ஓர் இரவில் பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கினார்கள் என்றும், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே இடமுள்ள அந்த ஒடுக்கத்தில் நாலாவதாக ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தார்கள் என்றும் வைணவ மரபு கூறும். நெருக்குவது யார் என்று காண விளக்கு வேண்டும். கையிலோ அகலும் இல்லை, நெய்யும் இல்லை. ஆகவே ஒருவர் உலகத்தையே அகலாக்கினார், மற்றொருவர் அன்பையே அகலாக்கினார், மூன்றாமவர் கண்டார். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தில் முதல் மூன்று திருவந்தாதிகளும் இவ்வாறு பிறந்தவை என்பது சம்பிரதாயம். தத்துவத்தை ஆசாரியர்களுக்கு விட்டுவிட்டு வரலாற்று நோக்கில் பார்த்தாலும் ஓர் உண்மை தெரிகிறது. அகல், நெய், திரி, சுடர் என்னும் நான்கையும் எந்தச் சாமானியனும் அன்றாடம் தன் கையால் சேர்த்துப் பழகியிருந்த ஒரு சமூகத்தில்தான் இந்த உருவகம் பிறந்திருக்க முடியும். விளக்கின் உறுப்புகள் அத்தனையும் கண்ணுக்குத் தெரிந்தன. ஆகவே அவை கவிக்கும் வசப்பட்டன.

அரண்மனையையும் கோயிலையும் விட்டுக் குடியானவன் வீட்டுக்கு வந்தால், களமருதூரைப் போன்ற நடுநாட்டு ஊர்களில் விளக்கென்பது மண் அகலும் சுவரிலுள்ள மாடமும்தான். அகல் செய்யும் முறையில் வீண் என்று சொல்லத்தக்க அசைவு ஒன்றுமில்லை. சக்கரத்தின் நடுவே குவித்த களிமண் சுழலுகையில் குயவர் அதன் உச்சியைப் பெருவிரலால் அழுத்திக் குழிவாக்கி, விளிம்பை இரண்டு விரல்களுக்கிடையே மெலிதாக்கி, அடியில் நூலை ஓட்டி அறுத்து எடுத்து, ஈரம் புலருமுன் விளிம்பின் ஓரிடத்தை விரல் நுனியால் இழுத்துக் கிள்ளிவிடுகிறார். அந்தக் கிள்ளலே திரி படுக்கும் வாய். மொத்தத்தில் நான்கு செய்கைகள். நுண்ணிய துளைகளையுடைய மண்ணாதலால் புது அகல் எண்ணெயைக் குடிக்கும்; அதனால் முதலில் நீரில் ஊறவைத்துப் பின்னர் உலர்த்தி எடுப்பார்கள். நைந்த வேட்டியின் ஓரத்தைக் கிழித்துத் தொடையில் உருட்டினால் திரி. மாடம், வாசற்காலின் இருபுறமும் மண் சுவரைக் குடைந்து வைத்த சிறு குழி. காற்று சுடரை அலைக்காமல் மூன்று பக்கமும் மறைப்பதும், சுண்ணாம்பு பூசிய பின்சுவர் ஒளியை வெளியே திருப்பி அனுப்புவதும் அதன் வேலைகள். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த மாடத்தில் சுடர் ஏறிய பிறகு வீட்டைப் பெருக்கலாகாது, கடன் கொடுக்கலாகாது என்னும் விதிகளெல்லாம் பிறந்தன. மங்கிய ஒளியில் பெருக்கினால் கீழே விழுந்திருக்கும் சிறு பொருளும் குப்பையோடு போய்விடும் என்னும் அனுபவம் முதல் விதியின் அடியிலாவது கிடக்கிறது.

எண்ணெய், நெய்யைப்போல் ஆட்டிலிருந்து வரவில்லை. புன்செய்யிலிருந்தும் தோப்பிலிருந்தும் வந்தது. ஆமணக்கு முத்தை வறுத்து இடித்து நீரிலிட்டுக் கொதிக்கவைத்து மேலே மிதப்பதை வழித்தெடுக்கும் வேலை வீட்டுப் பெண்களுடையது. இலுப்பையும் புங்கும் எள்ளும் செக்குக்குப் போயின. செக்குக்கு அரசு வாங்கிய செக்கிறை என்னும் வரி சோழர் சாசனங்களில் அடிக்கடி வருவதிலிருந்தே, எண்ணெய் ஆட்டுவது எவ்வளவு பரவிய தொழில் என்பது புலப்படும். ஆமணக்கெண்ணெய் மெல்ல எரியும்; புகை குறைவு; விலையும் மலிவு. இலுப்பையெண்ணெய் கோயிலுக்கு உகந்தது என்றார்கள். எந்த எண்ணெயாயினும் ஒரு திரியின் சுடர் தருகிற ஒளி ஓர் அறையை நிறைக்கப் போதாது. முகத்தைக் காணலாம்; சோற்றைக் காணலாம்; மூலையைக் காண முடியாது. இந்தக் குறைதான் நம்முடைய விளக்குகளின் உருவம் அனைத்தையும் தீர்மானித்தது.

குத்துவிளக்கை இந்த நோக்கோடு பார்க்கவேண்டும். குடந்தைக்குத் தென்கிழக்கே நாச்சியார்கோயிலில் கம்மாளப் பெருமக்கள் தலைமுறை தலைமுறையாக வார்த்து வரும் குத்துவிளக்கு, 2010-இல் புவிசார் குறியீடு பெற்றது. காவிரிப் படுகையின் நுண்ணிய வண்டல் மண்ணில் அச்செடுத்துப் பித்தளையை உருக்கி வார்த்து, கடைசல் பிடித்து, மெருகேற்றுகிறார்கள். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் பிரபை என்று தனித்தனியே செய்து மரை போட்டுத் திருகுவதால், புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கும்போது வேறு வேறாகக் கழற்றலாம். காண்பவர்கள் அதன் வளைவுகளையும் வளையங்களையும் வெறும் அலங்காரமாகவே எண்ணிவிடுகிறார்கள். ஆனால் அகன்று கனத்த அடிப்பாகம், உயரமான தண்டு சாயாமல் நிற்பதற்கும், மேலிருந்து வழியும் எண்ணெயைத் தரையில் சிந்தாமல் தாங்குவதற்கும் ஆனது. தண்டின் உயரம், சுடரைத் தரையிலிருந்து மேலேற்றி அதன் ஒளிவட்டத்தை விரிப்பதற்கானது. வளையங்கள், எண்ணெய் படிந்த கை வழுக்காமல் பற்றுவதற்கும் உதவும். ஐந்து முகங்கள், ஒரு திரியின் போதாமையை ஐந்தாகப் பெருக்கி ஈடுசெய்வதற்கானவை. துலக்கிய பித்தளையின் மஞ்சள் மெருகு, அந்த ஐந்து சுடர்களின் ஒளியில் ஒரு சிறு பகுதியும் வீணாகாமல் திருப்பித் தருகிறது. தேவை கொடுத்த உருவத்தின் மேல் சிற்பியின் கை சௌந்தரியத்தைச் சேர்த்தது. தேவையை மறைத்துச் சேர்க்கவில்லை.

பாவை விளக்கு இந்த வழியின் மறு எல்லை. அங்கே தண்டு பெண்ணாகிவிடுகிறது. விளக்கை ஏந்துபவரின் சொந்தச் சாயலையே பாவைக்குக் கொடுத்துக் கோயிலில் நிறுத்தும் வழக்கமும் ஏற்பட்டது. திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில், 1853-ஆம் ஆண்டைச் சேர்ந்த பொறிப்போடு கூடிய பாவை விளக்கு ஒன்று, தஞ்சை மராட்டியர் குடும்பத்தைச் சார்ந்த அம்மணி என்னும் பெண் தான் விரும்பிய பிரதாபசிம்மனை அடைவதற்காக இலட்ச தீப நேர்த்தி செய்து, அதன் பகுதியாகத் தன் உருவையே விளக்கேந்தும் பாவையாக வைத்த செய்தியைத் தாங்கி நிற்கிறது. போர்வீரன் ஆட்டை வைத்துப் போனான். இந்தப் பெண் தன்னையே வைத்தாள். ஒளியின் அருமை குறையாதிருந்தவரையில் விளக்குக்கு இத்தகைய கௌரவம் இருந்தது.

அருமையான ஒளியை ஒரே நாளில் தாராளமாகச் செலவிடும் உற்சவமே கார்த்திகை. திருக்கோவலூர்ப் பக்கத்து வெளிகளிலிருந்து வடக்கே அண்ணாமலையைக் காணலாம்; அதன் உச்சியில் கொப்பரையில் தீபம் ஏறியதைக் கண்டபிறகே பல வீடுகளில் அகல் ஏற்றுவார்கள். சிறுவர்களுக்கு அன்றைய விளக்கு வேறு; அது மாவலி. அலகிலாத பனைமரங்களையுடைய இந்தப் பகுதியில், ஆண் பனையின் பூவைப் பல நாள் முன்னதாகவே சேர்த்துக் காயவைத்து, குழியிலிட்டுக் கொளுத்தி, மூடிப் புகைய வைத்துக் கரியாக்கி, பொடித்துத் துணியில் நீளச் சுருட்டி இறுகக் கட்டி, பனைமட்டைச் சிம்புகள் மூன்றின் நடுவே பொருத்தி, கயிற்றில் கோத்து, நுனியில் நெருப்பு வைத்துத் தலைக்கு மேல் சுழற்றினால், மாவலி பொறிகளைச் சொரிந்து இருட்டில் பொன் வட்டங்களை எழுதும். கடைக்குப் போய் மத்தாப்பு வாங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அந்த வட்டம் கிடைத்தது.

இந்த நிலைமையை மாற்றியது மண்ணெண்ணெய். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுக் குடியானவர்கள் நிலக்கடலை விதைக்கத் தொடங்கினார்கள். அந்தக் கடலை புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாகப் பிரான்சு தேசத்து மார்சேய் நகரத்து ஆலைகளுக்குப் போயிற்று. அதே காலத்தில் அமெரிக்காவிலிருந்தும், 1892 முதல் சூயஸ் கால்வாய் வழியே தொட்டிக் கப்பல்களில் ருஷ்யாவின் பாத்தூம் துறையிலிருந்தும், பின்னர்ப் பர்மாவிலிருந்தும் மண்ணெண்ணெய் கிழக்கு நாடுகளுக்கு வந்து குவிந்தது. ஒரு மாவட்டம் தன் வித்தை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, வெளிநாட்டு எண்ணெயை வாங்கி விளக்கேற்றலாயிற்று. கிருஷ்ணாயில் என்று ஊரார் தம் வாய்க்கு இசைய வழங்கிய அந்த எண்ணெய் ஆமணக்கைவிடப் பிரகாசமாக எரிந்தது. நாற்றமும் கரியும் மிகுதி. அரிக்கேனும் சிம்னியும் வந்தன. தெருக்கூத்தில் தீவட்டி போய்ப் பெட்ரோமாக்ஸ் வந்தது. அதை வாடகைக்கு விடுவதே ஒருவருக்குப் பிழைப்பாயிற்று. அரிதாரம் பூசிய முகம் இரவு முழுவதும் வெள்ளையாக ஒளிர்வதைக் கண்டு சனங்கள் வியந்தார்கள். விளக்கின் உருவத்தை முதன்முதலாக ஊர்க் குயவரோ கம்மாளரோ அல்லாமல், பெர்லினிலும் நியூயார்க்கிலும் இருந்த தொழிற்சாலைகள் தீர்மானித்தன என்பதை அந்த வியப்பில் எவரும் கவனிக்கவில்லை.

மின்சாரம் அதற்கும் மேல் சென்றது. பைக்காராவில் 1932-இலும் மேட்டூரில் 1937-இலும் தொடங்கிய நீர்மின் உற்பத்தி நகரங்களுக்கு முதலில் எட்டியது. கிராமங்களுக்கு அது வந்து சேர்ந்தது சுதந்திரத்துக்குப் பின்னரே. 1962-இல் நெய்வேலி அனல் மின் நிலையத்தின் முதல் பகுதி இயங்கத் தொடங்கியபோது, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மண்ணுக்கடியில் கிடந்த பழுப்பு நிலக்கரியே விளக்காக எரியலாயிற்று. குடிசைக்கு ஒரு விளக்கு என்னும் அரசுத் திட்டத்தில் கூரையிலிருந்து கம்பியில் தொங்கிய குண்டு பல்பு, ஆட்டையும் ஆமணக்கையும் ஒருங்கே மறக்கச் செய்துவிட்டது. சுவிட்சைத் தட்டினால் வருகிற ஒளிக்கு மாடம் வேண்டாம், திரி வேண்டாம், துலக்க வேண்டாம். மாடங்கள் தீப்பெட்டியும் சீப்பும் வைக்கும் இடமாயின. குத்துவிளக்கு பூசையறைக்கும் விழா மேடைக்கும் போய் ஒரு மங்கலச் சின்னமாக நிலைத்தது. பல்போ எவ்வித உருவமும் பெறாமல், நிர்வாணமாகவே தொங்கிற்று.

இதே காலத்தில் டென்மார்க்கு தேசத்தில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். டேனியர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு தரங்கம்பாடியில் கோட்டை கட்டி, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் செல்லும்வரை இரண்டேகால் நூற்றாண்டு நம் கரையில் இருந்தவர்கள். அவர்களுடைய தலைநகரான கோப்பன்ஹேகனில் மார்கழி மாதத்துப் பகல் ஏழு மணி நேரமே. கள்ளக்குறிச்சியில் அதே மாதத்துப் பகல் பதினொன்றரை மணி நேரம். பொழுது சாய்ந்தபின் திண்ணையிலும் தெருவிலும் நிலவிலும் உலவ நமக்கு இடமுண்டு. அவர்களோ குளிர்காலத்தில் நாளின் பெரும்பகுதியை வீட்டினுள்ளே, விளக்கின் அருகே கழிக்க வேண்டியவர்கள். ஆகவே மின்சார பல்பின் கூச்சம் அவர்கள் கண்ணை நம் கண்ணைவிட முன்னதாகவே உறுத்தியது.

1894-இல் பிறந்த பௌல் ஹென்னிங்சன் என்னும் கட்டிடக் கலைஞர், மின்சாரத்துக்கு முற்பட்ட மென்மையான விளக்கொளியில் வளர்ந்தவர். புதிய பல்பின் கொடுமையைச் சகிக்க மாட்டாமல், ஒளியின் எந்தக் கதிரும் நேரே கண்ணில் படாதவாறு மறைத்து, அதே சமயம் மேசைக்கும் அறைக்கும் அதனைப் பகிர்ந்தளிக்கும் வழியைக் கணித முறையில் ஆராய்ந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கவிகைகள். அவற்றின் வளைவு, விரிந்துகொண்டே செல்லும் சுருள் கோட்டின் கணக்குப்படி அமைந்தது. 1925-இல் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய விளக்கு பரிசு பெற்றது, லூயிஸ் பௌல்சன் நிறுவனத்தார் அவருடைய மூன்று கவிகை விளக்குகளைச் செய்து விற்றார்கள், இன்றும் செய்கிறார்கள். பின்னர் ஆர்னே யாக்கப்சன், 1960-இல் திறக்கப்பட்ட கோப்பன்ஹேகன் விமான நிறுவன ஹோட்டலுக்காக, சாய்ந்த தொப்பியைப் போன்ற ஓர் எளிய உலோக விளக்கை வகுத்தார். 1971-இல் வெர்னர் பான்டன் செய்த மேசை விளக்கு இந்த வழியின் சிகரம்: மேலே ஓர் அரைக்கோளம், கீழே எக்காளத்தைக் கவிழ்த்ததுபோல் விரியும் தண்டு, இரண்டே வளைவுகள். அந்தத் தண்டு விளக்கைத் தாங்குவதோடு நில்லாமல், கவிகையிலிருந்து இறங்கும் ஒளியைத் தன் மேற்பரப்பில் வாங்கி மெல்லப் பரப்புகிறது. அதில் ஒரு பூவேலை இல்லை, ஒரு கோடு இல்லை. எனினும் காண்பவர் அதனைச் சிற்பம் என்றே சொல்வார்கள்.

அந்தத் தண்டையும் குத்துவிளக்கின் தண்டையும் மனத்தில் அருகருகே நிறுத்தினால் உறவு விளங்கும். இரண்டும் தாங்குகின்றன, இரண்டும் தம் மெருகினால் ஒளிக்கு உதவுகின்றன, இரண்டிலும் வேலை செய்யாத உறுப்பு இல்லை. வேற்றுமையோ ஒன்றே, ஆனால் அடிப்படையானது. நாச்சியார்கோயில் கம்மாளர் குறைந்த ஒளியோடு போராடினார். ஆகவே சுடரை உயர்த்தி, ஐந்தாகப் பெருக்கி, எல்லோரும் காண வெளியே வைத்தார். ஹென்னிங்சன் மிகுந்த ஒளியோடு போராடினார். ஆகவே சுடரை உள்ளே ஒளித்து, அதன் பயனை மட்டும் வெளியே விட்டார். முன்னதில் விளக்கைக் காண்கிறோம். பின்னதில் விளக்கால் காண்கிறோம். ஆபரணம் மிகுந்தது கீழ்நாடு, எளிமை பொருந்தியது மேல்நாடு என்று சிலர் எளிதாக வகுத்துவிடுகிறார்கள். அவர்கள் நான்கு செய்கையில் முடிந்துபோகும் மண் அகலை எண்ணிப் பார்ப்பதில்லை. எளிமை நமக்கு இறக்குமதிச் சரக்கன்று. ஒளி பெருகியபோது அதற்கேற்ற புதிய உருவத்தைக் காணும் முயற்சியைத்தான் நாம் செய்யாமல் விட்டோம்.

அந்த முயற்சிக்கு வேண்டிய கைத்திறன் நம்மிடம் குறைந்துவிடவில்லை. நாச்சியார்கோயிலில் வார்ப்பு வேலை நடக்கிறது. கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் திருக்கோவலூர்ப் பக்கத்திலும் மரத்தில் சிற்பம் செதுக்கும் தொழில் நடக்கிறது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அகல் கிள்ளும் விரல்களும் கார்த்திகைக்குக் கார்த்திகை வேலை செய்கின்றன. ஆனால் இந்தக் கைகள் அனைத்தும் நெய் அரிதாயிருந்த காலத்தின் உருவங்களையே திரும்பத் திரும்பச் செய்துவருகின்றன. அல்லது குத்துவிளக்கின் ஐந்து முகத்திலும் ஐந்து மின்திரியைச் செருகி, பழைய உருவத்தைப் புதிய ஒளிக்கு வேடமாகப் போடுகின்றன. தெருவிலும் வீட்டிலும் எல்இடி விளக்கு கண்ணைக் குத்தும் வெண்மையோடு எரிகிற இந்நாளில், அதனைத் தணித்து மனித முகத்துக்கு இசைவாக்கும் ஒரு மறைப்பை, பித்தளையிலோ மண்ணிலோ வாகை மரத்திலோ ஒருவர் வகுப்பாரானால், அவர் யவனரையும் டேனியரையும் பின்பற்றியவர் ஆகமாட்டார். 96 ஆடுகளைக் கணக்கிட்டு ஓர் உழக்கு நெய்யை அளந்தவர்களின் வழியில், தம் காலத்து ஒளியின் அளவை அறிந்து அதற்குத்தக விளக்குச் செய்தவர் ஆவார்.